பக்கத்து ஊர்த் தலைவர்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், பிலிப்பைன்ஸ் நாட்டு விடுதலைத் தலைவர் மனுவேல் கேசோனைப் பற்றிப் பேசினார். இளமையில் அமெரிக்கப் படையை எதிர்த்துக் களத்தில் நின்றவர். பின்னர் அதே அமெரிக்காவின் தலைநகரில் அமர்ந்து, துப்பாக்கியால் பெற முடியாததைச் சொல்லால் பெற முயன்றவர். விடுதலைக்குக் காலக்கெடு விதிக்கும் சட்டத்தை 1934இல் பெற்றுத் திரும்பியவர். 1935இல் தன்னாட்சி அரசின் தலைவரானவர். ஆனால் 1946 ஜூலை 4இல் தம் நாடு முழு விடுதலை பெற்றதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1944இல், நாடு ஜப்பானியர் பிடியில் இருந்தபோது, அமெரிக்க மண்ணில் காசநோயால் மாண்டார். கேட்டோர் நெஞ்சம் நெகிழ்ந்தது.

பேச்சை முடித்த நண்பர் ஒரு வினா எழுப்பினார். "கடல் கடந்த தலைவரைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டீர்கள். உங்கள் சொந்தச் சீமையில் தோன்றிய விடுதலைத் தலைவர் ஒருவர் பெயரை ஒவ்வொருவரும் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார். தூத்துக்குடித் தோழர் எழுந்து வ. உ. சி. என்றார். விருதுநகர்த் தோழர் காமராசர் என்றார். என் முறையும் வந்தது. நான் பேத்தமங்களாக்காரன். கோலார் தங்கவயலை அடுத்த ஊர் எங்கள் ஊர். எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை.

"தங்கவயலில் தங்கம் கிடைக்கும். தலைவர் கிடைப்பாரா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பின்னர் அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. மறுநாள் நூலகத்துக்குச் சென்று தேடினேன். நெடுந்தொலைவு தேட வேண்டியிருக்கவில்லை. விடை பக்கத்து ஊரிலேயே இருந்தது. சிறுவயது முதல் பேருந்துப் பலகையில் நான் படித்துப் பழகிய ஊர்ப் பெயர் அது: கியாசம்பள்ளி.

அந்த ஊரில் 1902 மே 4ஆம் நாள் பிறந்தவர் செங்கலராய ரெட்டி. கே. சி. ரெட்டி என்று நாடு அறிந்த பெயரில் முதலெழுத்தாக நிற்பது அந்தக் கியாசம்பள்ளிதான். ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன் சுமந்து நடந்த ஒருவரை அடுத்த ஊர்க்காரனாகிய நான் அறியேன்! பன்னாட்டுத் தலைவர்களின் பிறந்த நாள்களையெல்லாம் பொது அறிவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன் நான். இதைவிட வேறென்ன நாணம் வேண்டும்?

அவர் பிறந்த அதே 1902ஆம் ஆண்டில்தான் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியின் விசையால் பிறந்த மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளையர் கம்பெனியின் சுரங்கத்துக்கு ஒளி வந்தது. அதில் உழைத்தவனுக்கோ சுற்றியிருந்த சிற்றூர்களுக்கோ உரிமை என்னும் ஒளி வர இன்னும் நாற்பத்தைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பத்தைந்து ஆண்டுக் கதையில் பெரும்பங்கு வகித்தவர் இந்தக் கியாசம்பள்ளிக்காரர்.

அன்றைய மைசூரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மைசூர் ஒரு சமஸ்தானம். மன்னர் ஒருவர், அவர் அமர்த்தும் திவான் ஒருவர், இவர்கள் இருவர் தலைக்கும் மேலே ஆங்கில வல்லரசு. மக்களுக்குச் சபை இல்லாமல் இல்லை. 1881இலேயே பிரதிநிதிகள் சபை ஒன்று ஏற்பட்டது. 1907இல் சட்டசபையும் வந்தது. ஆனால் அச்சபைகளில் குறை சொல்லலாம், கேள்வி கேட்கலாம், கெஞ்சலாம். திவானை நீக்க முடியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது மன்னருக்கு, மக்களுக்கு அன்று. வாக்குரிமையோ பெரும்பாலும் சொத்தும் படிப்பும் உள்ளவர்க்கே உரியதாய் இருந்தது. பூமிக்கு அடியில் இறங்கிப் பொன் எடுத்தவனுக்கு அதில் பங்கு ஏது?

அதே 1907இல்தான் பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் ஒரு சட்டமன்றம் கிடைத்தது என்பது நினைக்கத் தக்கது. கேசோன் அம்மன்றத்தின் முதல் உறுப்பினர்களுள் ஒருவர். அங்கும் தலைக்கு மேலே அமெரிக்க ஆளுநர் இருந்தார். மக்கள் பேசலாம், முடிவு செய்வோர் வேறு. இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே நோயால் வாடின.

மைசூர் நோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது மாதிரி சமஸ்தானம் என்று பெயர் பெற்றது. அணை உண்டு, மின்சாரம் உண்டு, பல்கலைக்கழகம் உண்டு, ஆலைகள் உண்டு. "இவ்வளவு நல்லாட்சி இருக்கும்போது உங்களுக்கு மக்களாட்சி எதற்கு?" என்று கேட்க அன்று ஆள்கள் இருந்தனர். கொடுங்கோலனை எதிர்ப்பது எளிது. நல்லவனைப் பார்த்து, "நீ நல்லவன்தான், ஆனால் எங்களை ஆளும் உரிமை எங்களுடையது" என்று சொல்வது அரிது. அந்நியர் நடத்தும் நல்லாட்சியைவிடத் தம்மவர் நடத்தும் குறையாட்சியே மேல் என்னும் கருத்தை வெளிப்படையாகச் சொன்னவர் கேசோன். அதே அரிய வேலையை மைசூரில் மேற்கொண்டவர்களுள் முன்னணியில் நின்றவர் ரெட்டி.

சட்டம் படித்து முடித்த அவர், 1930இல் தோழர்களுடன் சேர்ந்து பிரஜா பட்சம் என்னும் கட்சியைத் தொடங்கினார். உழவர் குறைகளைப் பேசுவதும், பொறுப்பாட்சி கேட்பதும் அதன் வேலை. 1934இல் அது பிரஜா மித்திர மண்டலியோடு இணைந்தது. பிரஜா சம்யுக்த பட்சம் பிறந்தது. 1935 முதல் 1937 வரை அதன் தலைவராக இருந்த ரெட்டி, பின்னர் அதைக் காங்கிரசில் சேர்த்து, மைசூர்க் காங்கிரசின் தலைவருமானார். சாதிக்கொரு கட்சி, ஊருக்கொரு கட்சி என்று சிதறிக் கிடந்த மக்கள் குரலை ஒரே குரலாக்க அவர் செய்த முயற்சி இது. மேடை முழக்கத்தைவிட இவ்வகை வேலை கடினமானது, புகழும் குறைவு.

1938 ஏப்ரல் 25ஆம் நாள், அன்றைய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த விதுராசுவத்தம் என்னும் சிற்றூரில், தடையை மீறிக் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டனர். அரசு சொன்ன கணக்கு பத்துப் பிணங்கள். ஊரார் சொன்ன கணக்கு முப்பதுக்கு மேல். ஒரு கொடியை ஏற்றும் உரிமைக்காக அவ்வளவு குருதி! அதன் பின்னரே, காங்கிரசுக் கொடியை மைசூர்க் கொடியுடன் சேர்த்து ஏற்றலாம் என்று திவான் மிர்சா இஸ்மாயிலும் வல்லபாய் படேலும் உடன்பாடு கண்டனர். ஜாலியன்வாலா பாக்கை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் மாவட்டத்தின் ஜாலியன்வாலா பாக்கை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இனி நம் தமிழ் நெஞ்சத்தைச் சற்றுக் கலக்கும் பகுதிக்கு வருகிறேன். தோழர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும்.

1947 ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றது. மைசூர் மன்னரும் இந்தியாவோடு இணைய இசைந்தார். ஆனால் மைசூருக்குள் ஆட்சி பழைய ஆட்சியாகவே இருந்தது. தில்லியில் மூவண்ணக் கொடி பறந்தது. மைசூரில் திவான் நாற்காலி அசையவில்லை. செப்டம்பர் முதல் நாள் "மைசூர் சலோ" என்னும் போராட்டம் வெடித்தது. தலைமை தாங்கிய ரெட்டி சிறைப்பட்டார். தொழிலாளர் வேலையை விட்டு வந்தனர். மாணவர் வகுப்பறையை விட்டு வந்தனர். மைசூர் நகரில் இராமசாமி என்னும் மாணவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அவர் பெயரில் ஒரு நாற்சந்தி அந்நகரில் இன்றும் இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில், விடுதலைக்காக ஒரு மாணவன் சாக வேண்டியிருந்தது! இறுதியில் அரண்மனை இறங்கி வந்தது. அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. அம்மாதம் 25ஆம் நாள் ரெட்டி மைசூரின் முதல் முதலமைச்சரானார்.

அந்தப் போராட்டத்தில் எதிர்ப்புறம் திவானாக அமர்ந்திருந்தவர் யார்? சர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். நம்மவர், நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களுள் ஒருவர், நாவன்மையாளர், ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு 1946இல் முதல் தலைவராக அமர்ந்து உலகோர் போற்ற விளங்கியவர். அவர் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் 1947 செப்டம்பரில் அவர் காத்து நின்றது மன்னராட்சியின் நாற்காலியை. தமிழர் அல்லாத கியாசம்பள்ளிக்காரர் கேட்டதோ மக்களாட்சியை. அதில் தங்கவயல் தமிழனின் வாக்குரிமையும் அடக்கம்.

அன்று நாம் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்போம்? மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் திவான் பக்கம். உரிமையை அளவுகோலாகக் கொண்டால் ரெட்டி பக்கம். அறிவியல் மாணவனாகிய எனக்கு ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்பித்த பாடம், அளக்கத் தொடங்குமுன் கருவியின் சுழிப்பிழையைப் பார் என்பது. கருவி பிழையாயின் எத்தனை முறை அளந்தாலும் விடை பிழையே. தலைவர்களை அளக்க நாம் எடுக்கும் கருவியிலும் ஒரு சுழிப்பிழை இருக்கிறது. "அவர் நம்மவரா?" என்று முதலில் கேட்கிறோம். "அவர் எதற்காக நின்றார்?" என்று பிறகு கேட்கிறோம், சில வேளைகளில் கேட்பதே இல்லை.

"அவர் தமிழர்க்கு என்ன செய்தார்?" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தமிழர்க்கென்று தனியாகச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. எல்லார்க்குமாகக் கேட்டதில் நமக்கும் பங்கு வந்தது. மன்னராட்சி போய்ப் பொறுப்பாட்சி வந்தது. பின்னர்க் குடியரசு வந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்தது. லைன் வீட்டில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளி, நிலமும் இன்றிப் படிப்பும் இன்றி, பண்ணையாருக்குச் சமமாக வரிசையில் நின்று வாக்களித்தான். சி. எம். ஆறுமுகம் போன்ற குடியரசுக் கட்சித் தமிழரைத் தங்கவயல் மீண்டும் மீண்டும் சட்டமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது எதனால்? அந்த வாக்கினால் அன்றோ?

இதனால் ரெட்டியை வழிபட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வழிபாடு வேறு, அறிதல் வேறு. அறிந்தவனுக்கே குறை சொல்லும் உரிமை உண்டு. என் குறையையும் சொல்லி விடுகிறேன்.

1930ஆம் ஆண்டை மீண்டும் நினையுங்கள். ரெட்டியும் தோழர்களும் பிரஜா பட்சம் கண்ட ஆண்டு அது. அதே ஆண்டில்தான் தங்கவயல் தொழிலாளர், குற்றவாளிகளிடம் எடுப்பதுபோல் தம்மிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்வதை எதிர்த்து, மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த மக்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர். தலைவர் பலமும் பணபலமும் இல்லாதவர். இருந்தும் தன்மானத்துக்காக நின்றனர். ஒரே சீமையில் ஒரே ஆண்டில் இரண்டு ஊற்றுகள் பிறந்தன. ஒன்று உழவர் ஊற்று. மற்றொன்று சுரங்கத் தொழிலாளர் ஊற்று. இரண்டும் ஒன்று கலந்து ஆறாகவில்லை. தங்கவயல் தொழிலாளர் பின்னர்ச் செங்கொடியின் கீழும் நீலக்கொடியின் கீழும் திரண்டனரே அன்றிக் கியாசம்பள்ளிக்காரரின் கொடியின் கீழ்ப் பெருவாரியாகத் திரளவில்லை.

1946 நவம்பரில் தங்கவயலில் காவலர் சுட்டு ஆறு தொழிலாளர் மாண்டனர். அப்போதும் மைசூரின் திவான் இராமசாமி முதலியாரே. சுட்டது மைசூர்க் காவல். மாண்டது தங்கவயல் தொழிலாளி. திவான் தமிழராக இருந்தது அந்தக் குண்டுகளைத் தடுக்கவில்லை. முதலமைச்சராக ரெட்டி 1952 வரை ஆண்டார். அந்த ஐந்தாண்டில் சுரங்கங்கள் ஆங்கிலக் கம்பெனியின் கையிலேயே இருந்தன. அவை அரசுடைமை ஆனது 1956இன் இறுதியில். அப்போது ஆட்சியில் இருந்தவர் வேறொருவர். சொந்தச் சீமையின் தங்கம் சொந்த நாட்டுக்கு வருவதைச் சொந்த ஊர் முதலமைச்சர் விரைந்து செய்திருக்கக் கூடாதா என்று கேட்க எனக்கு ஆசை. பின்னர் அவர் தில்லியில் நேருவின் அமைச்சரவையில் உற்பத்தித் துறை, வீட்டு வசதித் துறை, வாணிகத் தொழில் துறை எனப் பல பொறுப்புகளை வகித்தார், 1965 முதல் 1971 வரை மத்தியப் பிரதேச ஆளுநராக இருந்தார், 1976இல் மறைந்தார். தலைவர் மேலே போகப் போக ஊர் சிறுத்துப் போவது இயல்புதான். கேசோன் கதையும் ஓரளவு அப்படித்தான். விடுதலை வேண்டி வாஷிங்டனில் நெடுங்காலம் கழித்தவர், தன்னாட்சி பெற்ற நாட்டில் நிலமற்ற குடியானவர் துயரத்தை முற்றும் தீர்த்தாரில்லை.

ஆனால் தோழர்களே, இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டுமானால் முதலில் அந்தப் பெயர் நம் நாவில் இருக்க வேண்டும். அறியாதவனிடம் கணக்குக் கேட்க முடியுமா?

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி. தங்கவயலில் நாலு தலைமுறையாக வாழ்கிறோம். என் பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம் எங்களுடையது. பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோம். ஆயினும் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தலைவர் படங்கள் எல்லாம் சென்னையிலிருந்து வந்தவை. அப்படங்களை இறக்கச் சொல்லவில்லை. அவை எங்கள் உயிரோடு கலந்தவை. பக்கத்தில் ஓர் ஆணி அடிக்க இடமில்லையா என்றே கேட்கிறேன். பிழைக்க வந்த மண்ணின் வரலாற்றைப் படிக்காதவன் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் அம்மண்ணில் விருந்தாளியே. பிறர் நம்மை "வந்தவர்கள்" என்று சொன்னால் சினம் கொள்கிறோம். நாமே நம்மை அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்வதில்லை.

இது வெறும் மனக்குறை அன்று. பிழைப்போடு கூடிய செய்தி. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் எங்கள் ஊர் இளைஞர்கள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகிறார்கள். வேலை வேண்டும், பட்டா வேண்டும், தமிழ்ப் பள்ளி நிலைக்க வேண்டும் என்று நாம் கேட்பது எந்த அரசிடம்? கருநாடக அரசிடம். அந்த அரசை மக்கள் அரசாக்கிய போராட்டம் எங்கள் வாசலில் நடந்தது. அதன் தலைவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். "எங்களுக்கும் இரங்குங்கள்" என்று கை நீட்டுவது வேறு. "இந்த ஆட்சியைப் பெற்ற மாவட்டத்தின் மக்கள் நாங்கள்; இதற்காக விதுராசுவத்தத்தில் செத்தவர்கள் எங்கள் மாவட்டத்தார்; தங்கவயலில் செத்தவர்கள் எங்கள் தோழர்கள்; எங்கள் பங்கைத் தாருங்கள்" என்று நிமிர்ந்து கேட்பது வேறு. வரலாறு அறிந்தவன் குரலுக்குத் தனி வலிமை உண்டு.

"பிற மொழியார் தலைவரைப் போற்றினால் தமிழ் குறைந்து போகாதா?" என்று அஞ்சுவோர் உண்டு. போகாது. பிலிப்பைன்ஸ் தலைவரைப் பற்றித் தமிழில் பேசினோமே, தமிழ் குறைந்ததா? வளர்ந்தது. கியாசம்பள்ளித் தலைவரைப் பற்றியும் தமிழில் எழுதுவோம். அவர் கதை தமிழில் வரட்டும். தங்கவயல் தொழிலாளர் கதை கன்னடத்துக்குப் போகட்டும். கலக்காத இரண்டு ஊற்றுகளை அரசியல்வாதிகள் கலக்கவில்லை என்றால், மாணவர் நாம் ஏட்டிலாவது கலப்போம்.

எங்கள் ஊரில் பாலாறு ஓடுகிறது. நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, பேத்தமங்களாவில் தேங்கி, அங்கிருந்து சுரங்க நகரத்துத் தாகத்தைத் தீர்த்து, பிறகு ஆந்திர மண்ணைத் தொட்டு, வாணியம்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் அதன் கரையில் பேசப்படுகின்றன. எந்தக் கரையிலும் அது தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எந்தக் கரையாரையும் அந்நியர் என்று எண்ணியதும் இல்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கடல் கடந்த தலைவர் வேண்டாம். நம்மில் வெளிமாநிலத்தில் பிறந்தோர் பலர் உளர். வெளிநாட்டில் பிறந்தோரும் உளர். ஒவ்வொருவரும் தாம் வளர்ந்த மண்ணின் தலைவர் ஒருவரைப் பற்றி, அவர் எம்மொழியினர் ஆயினும், பத்து மணித்துளி பேசட்டும். நிறையும் பேசட்டும், குறையும் பேசட்டும். பின்வரிசையில் இருந்து என்னைப் பார்த்துக் கேலி செய்த தோழருக்கு என் விடை தயாராக இருக்கிறது. தங்கவயலில் தங்கம் தீர்ந்துவிட்டது. தலைவர் கிடைத்துவிட்டார், தேடாதது என் குற்றம்.